எண்ணூர் கழிக்கு ஓத நீரோட்ட மாதிரி: வாயில் தொடங்கும் கணக்கு

கழிமுகத்துக்கு எண்முறை மாதிரி (ஓதத்தில், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதில், நீர் எப்படி ஓடும் என்று கணினியில் போடும் கணக்கு) அமைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் வலை (பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பது) வரையத் தொடங்குகிறார்கள். முழுக் கழிக்கும் ஆயிரக்கணக்கான வலைக்கண், செயற்கைக்கோள் படம், வண்ண அம்புகள் என்று இரண்டு வாரம் ஓடிவிடும். ஓட்டிப் பார்த்தால் வேகம் பாதியாகவோ இரு மடங்காகவோ வரும். பிறகு உராய்வு எண்ணைத் திருகத் தொடங்குவார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது.

சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர் கழி போன்ற சிறிய, ஆழமில்லாத, மணல் அடைக்கும் வாய் கொண்ட இடத்தில் நீரோட்டத்தை முடிவு செய்வது முகத்துவாரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு. அந்த ஓர் எண் சரியாக இருந்தால் மற்றவை கைக்கு அடங்கும். தவறாக இருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. அதனால் இந்தப் பதிவு கைக்கணக்கில் தொடங்கி, பெட்டி மாதிரி, ஒருபரிமாண மாதிரி என்று போய், கடைசியில்தான் இருபரிமாண வலைக்கு வருகிறது.

இந்தக் கழிக்கு மாதிரி ஏன் வேண்டும் என்பதை 2023 டிசம்பரில் எல்லோரும் பார்த்தோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழி முழுக்கப் பரவி, படகிலும் வலையிலும் அலையாத்தி வேர்களிலும் ஒட்டிக்கொண்டது. அது எந்த ஏற்றத்தில் (கடல்நீர் உள்ளே வரும்போது) எவ்வளவு தூரம் உள்ளே போகும், வற்றத்தில் (நீர் வெளியேறும்போது) எவ்வளவு வெளியேறும், எங்கே தங்கிவிடும் என்பதெல்லாம் மீனவக் குப்பங்களின் பிழைப்பைத் தொடும் கேள்விகள். பதில் கணக்கில் இருக்கிறது.

கைக்கணக்கு: அரை மணி நேர வேலை

சென்னையில் ஓதம் அரைநாள் வகை. சந்திரனின் முதன்மை அரைநாள் கூறான எம்2-இன் வீச்சு ஏறத்தாழ 0.33 மீ, சூரியக் கூறான எஸ்2-இன் வீச்சு 0.14 மீ. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் கூடும். அட்டமியை ஒட்டி ஒன்றையொன்று குறைக்கும். கணக்குக்குப் பெரிய ஓத வீச்சாக 0.45 மீ எடுத்துக்கொள்வோம். அதாவது தாழ்நீருக்கும் உயர்நீருக்கும் இடையே 0.9 மீ. சுழற்சி 12.42 மணி, அதாவது 44,712 வினாடி.

கழியின் நீர்ப்பரப்பு சுமார் 2.25 சதுர கி.மீ. அகலம் ஏறக்குறைய 400 மீ, ஆழம் 1 முதல் 2 மீ. வாயை ஒட்டி இன்னும் குறைவு. முதலில் கழிக்குள் மட்டம் ஒரே சீராக ஏறி இறங்குமா என்று பார்க்க வேண்டும். 1.5 மீ ஆழத்தில் நீண்ட அலையின் வேகம், 9.81-ஐ 1.5-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், 3.8 மீ/வி. 5 கி.மீ. போக 22 நிமிடம். 12 மணி நேர ஓதத்துக்கு முன் இது சிறியது. ஆகவே கழியை ஒரு தொட்டியாகவும் முகத்துவாரத்தை அதன் குழாயாகவும் எடுத்துத் தொடங்கலாம்.

தொட்டி முழு ஓதத்துக்கும் ஏறி இறங்கினால் ஒரு சுழற்சியில் உள்ளே வந்து போகும் ஓதக் கொள்ளளவு 0.9 × 22.5 லட்சம் = சுமார் 20 லட்சம் கன மீட்டர். உச்ச நீரோட்டம் வேண்டுமானால் கொள்ளளவைப் பையால் (3.14) பெருக்கிச் சுழற்சி நேரத்தால் வகுக்க வேண்டும்: 142 கன மீ/வி. வாய் 100 மீ அகலமும் சராசரி 1.5 மீ ஆழமும் என்று வைத்தால் பரப்பு 150 ச.மீ. உச்ச வேகம் 0.95 மீ/வி. மணல் வாய்கள் பொதுவாக 1 மீ/வி சுற்றிய உச்ச வேகத்தில்தான் நிலைக்கும் என்பது பொறியாளர் ஓ'பிரையன் 1931 முதல் காட்டிவந்த உறவு. அதோடு இந்த எண் பொருந்துகிறது. உங்கள் மாதிரி வாயில் 0.3 அல்லது 3 மீ/வி காட்டினால், நிறங்களைப் பார்த்து மயங்காமல் இங்கே திரும்பி வாருங்கள்.

பெட்டி மாதிரி

தொட்டியின் மட்டம் மாறும் வீதம் என்பது வாய்ப் பரப்பைத் தொட்டிப் பரப்பால் வகுத்து, வாயின் வேகத்தால் பெருக்கியது. வாயின் வேகம் என்பது மட்ட வேறுபாட்டை 2 × 9.81-ஆல் பெருக்கி, தடை எண்ணால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். வேறுபாடு எந்தப் பக்கமோ அதுவே ஓட்டத்தின் திசை. தடை எண்ணில் இரண்டு பங்கு உண்டு: நுழையும்போதும் வெளியேறும்போதும் இழப்பது (ஏறத்தாழ 1.3), அடித்தள உராய்வு. உராய்வுப் பங்கு = 2 × 9.81 × மானிங் எண்ணின் (அடித்தளத்தின் கரடுமுரடைக் காட்டும் எண்) வர்க்கம் × வாயின் நீளம் ÷ நீரியல் ஆரத்தின் (பரப்பை நனைந்த சுற்றளவால் வகுத்தது) 4/3 படி; 3/4 படி அல்ல. இந்தப் படியைத் தலைகீழாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தட்டச்சுப் பிழை. மானிங் எண் 0.025, நீளம் 300 மீ, ஆரம் 1.4 மீ என்றால் உராய்வுப் பங்கு 2.35. மொத்தத் தடை 3.65.

இதைப் பைத்தான் நிரல்மொழியில் முப்பது வரிக்குள் எழுதிவிடலாம். நேரப்படி 60 வினாடி போதும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மட்ட வேறுபாடு பூச்சியத்தை நெருங்கும்போது வர்க்கமூலத்தின் சரிவு முடிவிலியாகிறது; வேகம் ஒவ்வொரு படியிலும் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். ஓட்டம் திரும்பும் நேரத்தில் வரைபடம் ரம்பப்பல் போலத் தெரிந்தால் இதுதான் காரணம். வர்க்கமூலத்துக்குப் பதிலாக, வேறுபாட்டை "வேறுபாட்டின் அளவு + 0.001"-இன் வர்க்கமூலத்தால் வகுத்து எழுதுங்கள். 1 மி.மீ.க்குக் கீழே அது நேர்கோடாகிவிடும், துடிப்பு நின்றுவிடும். மேலே சொன்ன எண்களுக்கு 400 வினாடிவரை நேரப்படி நிலையாக ஓடும். 60 வினாடி பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது.

நீரின் முடுக்கத்தைச் சேர்க்கத் தேவையில்லையா? தொட்டியும் குழாயும் சேர்ந்து தானாக ஊசலாடும் காலம் இந்த எண்களில் 71 நிமிடம். ஓதத்தின் 745 நிமிடத்தோடு ஒப்பிட்டால் முடுக்கத்தின் பங்கு நூற்றில் ஒன்று. விட்டுவிடலாம். வாயின் நீளம் சில கி.மீ. இருக்கும் கழிகளில் மட்டும் விடக்கூடாது.

இப்போது வாயின் பரப்பை மட்டும் குறைத்துக்கொண்டே போவோம். பரப்பு குறையும்போது ஆழமும் குறையும் என்பதால் நீரியல் ஆரம் 1.4, 1.35, 1.1, 0.8, 0.5, 0.25 மீ என்று இறங்குகிறது. சமன்பாட்டின் முதல் ஒத்திசைவுக் கூறை (ஓதத்தின் அதே சுழற்சி கொண்ட அலையை) மட்டும் வைத்துக் கையால் தீர்த்தால் வருபவை இவை:

150 ச.மீ: கழிக்குள் ஓதம் 0.87 மீ, கடலோதத்துக்குப் பின்தங்கல் 33 நிமிடம், உச்ச வேகம் 0.91 மீ/வி
130 ச.மீ: 0.84 மீ, 44 நிமிடம், 1.02 மீ/வி
80 ச.மீ: 0.65 மீ, 1 மணி 30 நிமிடம், 1.29 மீ/வி
40 ச.மீ: 0.32 மீ, 2 மணி 23 நிமிடம், 1.28 மீ/வி
15 ச.மீ: 0.10 மீ, 2 மணி 53 நிமிடம், 1.01 மீ/வி
5 ச.மீ: 0.02 மீ, ஏறத்தாழ 3 மணி 4 நிமிடம், 0.67 மீ/வி

வேகத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். வாய் சுருங்கினால் வேகம் முதலில் கூடுகிறது. மணலை அரித்து வாய் தானே அகன்றுகொள்ளும். 15 ச.மீ.க்குக் கீழே போனால் வேகம் 1 மீ/விக்கும் கீழே விழுகிறது; மணல் மேலும் மேலும் படியும், வாய் மூடும். 1940-இல் பொறியாளர் எஸ்காஃபியர் வரைந்த வளைகோடு இதுதான். 1 மீ/வி என்ற கோட்டை அது இரண்டு இடங்களில் வெட்டுகிறது. 130 ச.மீ. அருகே உள்ளது நிலையான இடம். 15 ச.மீ. அருகே உள்ளது கவிழும் விளிம்பு. கோடையில் ஆற்றுநீர் இல்லாதபோது கரையோர மணல் நகர்வு வாயை இந்த விளிம்புக்குத் தள்ளும். எண்ணூரில் நிகர மணல் நகர்வு தெற்கிலிருந்து வடக்கே. கழிவாய்க்கு வடக்கே துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் நிற்கிறது. வாயில் மணல் திட்டு சேர்வதில் வியப்பில்லை.

"எவ்வளவு தூர் வார வேண்டும்" என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. 15-இலிருந்து 20 ச.மீ.க்கு வாரிவிட்டால் விளிம்புக்குச் சற்று உள்ளேதான் நிற்கும்; ஒரு வாரக் கடற்சீற்றம் போதும், மறுபடி மூடிவிடும். 80-க்கு மேல் திறந்தால் ஓதமே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எண்கள் தோராயமானவை. ஆனால் வளைகோட்டின் வடிவம் தோராயமானதல்ல.

இந்தப் பட்டியலில் இன்னொரு பயனும் உண்டு. கழிக்குள் ஓதம் கடலோதத்தில் எத்தனை பங்கு என்பதும் எத்தனை நிமிடம் பின்தங்குகிறது என்பதும் தனித்தனி எண்கள் அல்ல. பின்தங்கலைக் கோணமாக்கி அதன் கொசைன் எடுத்தால் பங்கு வந்துவிடும். 1 மணி 30 நிமிடம் என்றால் 43.5 பாகை, கொசைன் 0.725, 0.9-ஐப் பெருக்கினால் 0.65 மீ. வாயருகே இரண்டு அளவுகோல் நட்டு, பங்கு 0.72 என்றும் பின்தங்கல் 20 நிமிடம் என்றும் வந்தால் ஏதோ ஓர் அளவு பிழை: கடிகாரம், அல்லது கோல் சரிந்திருக்கிறது. பின்தங்கல் 3 மணி 6 நிமிடத்துக்கு மேல், அதாவது கால் சுழற்சிக்கு மேல், வாயால் மட்டும் வரவே முடியாது. வந்தால் கோலை வாயிலிருந்து மிகத் தள்ளி நட்டிருக்கிறீர்கள்.

அளவெடுப்பு

வாய்: தாழ்நீரில், 5 மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கரையிலிருந்து கரைக்கு. குறியிட்ட கயிறும் மூங்கில் கம்பும் போதும். அடி சேறாக இருந்தால் கம்பின் முனையில் 15 செ.மீ. வட்டத் தகடு பொருத்த வேண்டும், இல்லையென்றால் கம்பு புதைந்து ஆழம் கூடிக் காட்டும். ஒரு குறுக்குவெட்டு போதாது. வாயின் நீளத்தில் மூன்று எடுத்து, மிகச் சிறியதைக் கணக்கில் வைக்க வேண்டும். நீரை நெரிப்பது அதுதான்.

ஆதார மட்டம்: கடல் வரைபடத்தின் ஆழம் ஒரு மட்டத்திலிருந்து, நில அளவை உயரம் இன்னொரு மட்டத்திலிருந்து. சென்னையில் வரைபட ஆதாரமட்டத்துக்கு மேல் சுமார் 0.65 மீ.இல் சராசரிக் கடல்மட்டம் இருக்கிறது. 1.5 மீ ஆழக் கழியில் 0.65 மீ பிழை விழுந்தால் பரப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். எல்லா எண்களையும் சராசரிக் கடல்மட்டத்துக்கு மாற்றி, மாற்றிய நாளையும் கழித்த எண்ணையும் கோப்பின் முதல் வரியிலேயே எழுதி வையுங்கள். சராசரி மட்டமே பருவத்துக்கு ஏற்ப நகரும் என்பதையும் மறக்கக்கூடாது. சென்னையில் அது அக்டோபர், நவம்பரில் உயர்ந்து மார்ச்சை ஒட்டித் தாழும். அந்த ஏற்றத்தாழ்வு அட்டமி ஓதத்தோடு ஒப்பிடத்தக்க அளவு. மார்ச்சில் அளந்த வாயை நவம்பர் மட்டத்தில் ஓட்டினால் வேறொரு கழி கிடைக்கும்.

நீர்மட்டம்: அழுத்தமானி வைப்பதானால் காற்றழுத்தத்தைக் கழித்தே ஆக வேண்டும். 1 ஹெக்டோபாஸ்கல் என்பது 1 செ.மீ. நீர். புயல் நேரத்துக்கு மட்டும் இது தேவை என்று நினைப்பவர்கள் உண்டு. நம் வெப்பமண்டலக் கரையில் காற்றழுத்தமே நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், வீச்சு சுமார் 1 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல். அதன் சுழற்சி 12 மணி. கழிக்காமல் விட்டால் அது நேராக எஸ்2 கூறில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வாய் அடைபட்டு உள்ளே 10 செ.மீ. ஓதமே இருக்கும்போது இது சின்னப் பிழையல்ல. அடர்த்தியும் அப்படியே: நன்னீருக்கு 1000, கடல்நீருக்கு 1025. உப்புத்தன்மையைக் கூடவே அளக்க வேண்டும்.

பதிவின் நீளம்: எம்2-ஐயும் எஸ்2-ஐயும் பிரிக்க 14.8 நாள் வேண்டும். எம்2-ஐயும் இன்னொரு சந்திரக் கூறான என்2-ஐயும் பிரிக்க 27.6 நாள். 13 மணி நேரம் கோலைப் பார்த்துவிட்டு ஒத்திசைவுக் கூறுகளைப் பட்டியலிடக்கூடாது. 13 மணி நேரப் பதிவு, அன்றைய ஓதத்தோடு மாதிரியை ஒப்பிட மட்டுமே.

நேரம்: உலகளாவிய ஓத மாதிரிகளின் கட்டம் (அலையின் உச்சம் வரும் நேரம்) கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கைக்கோலின் நேரம் இந்திய நேரத்தில். ஐந்தரை மணியை மறந்தால் எம்2-இல் 159 பாகை பிழை, கிட்டத்தட்டத் தலைகீழ். ஏற்றம் வற்றமாகத் தெரியும். அம்புகள் எதிர்த்திசையில் போகின்றனவே என்று குறியை மாற்றிவிட்டால் படம் "சரியாகிவிடும்". அப்படி மாற்றிய குறி பிறகு ஆறு மாதம் தேடினாலும் கிடைக்காது.

பரப்பு–மட்ட வளைகோடு: பெட்டி மாதிரியில் தொட்டிப் பரப்பை மாறாததாக எடுத்தோம். உண்மையில் உயர்நீரில் சேற்றுப் பரப்புகளும் அலையாத்தியும் மூழ்கும். பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் இருபது, முப்பது எடுத்து நீர்விளிம்பை வரைந்து, படம் எடுத்த நேரத்து ஓதமட்டத்தோடு சேர்த்தால் வளைகோடு கிடைக்கும். இதில் ஓர் ஒளிந்த குறை இருக்கிறது. அந்தச் செயற்கைக்கோள் எப்போதும் முற்பகல் பத்தரை மணிக்குப் பக்கத்தில்தான் கடக்கிறது. ஓரிடத்தில் பெரிய ஓதங்களின் உயர்நீர் எப்போதும் நாளின் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வரும். ஆகவே பெரிய ஓதத்தின் ஒரு கட்டத்தை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். மறு கோடி படத்தில் வரவே வராது. வளைகோட்டின் அந்த நுனியை நேரில் நடந்துதான் அளக்க வேண்டும்.

பரப்பும் வாயும் மட்டத்தோடு மாறும்படி பெட்டி மாதிரியை மாற்றினால் உடனே ஒரு புதிய விளைவு தெரியும். அடைபட்ட வாயில் தாழ்நீரின்போது ஆழம் மிகக் குறைவதால் வற்றம் மெதுவாகிறது. உள்ளே வந்த நீர் முழுதும் வெளியேறுமுன் அடுத்த ஏற்றம் வந்துவிடும். கழியின் சராசரி மட்டம் கடலைவிட உயர்ந்து நிற்கும். கோலில் அப்படித் தெரிந்தால் அளவுப் பிழை என்று சரிசெய்துவிடாதீர்கள். உண்மையான நிகழ்வு அது.

ஒருபரிமாண மாதிரி, அதற்கு முன் ஒரு சோதனை

பெட்டி பொருந்திய பிறகு கழியை நீளவாக்கில் வெட்டுங்கள். வலைக்கண்ணின் நடுவில் மட்டம், விளிம்பில் வேகம் என்று மாற்றி மாற்றி வைப்பது பழைய முறை, நல்ல முறை. 50 மீ இடைவெளி, 2 மீ ஆழம் என்றால் அலைவேகம் 4.43 மீ/வி. நேரப்படி 11 வினாடிக்குக் கீழே இருக்க வேண்டும், 5 வையுங்கள். உராய்வைப் பழைய வேகத்தில் (வெளிப்படை முறை) எழுதாமல், புதிய வேகத்தில் எழுதி உராய்வு உறுப்பை வகுத்தியில் வையுங்கள். ஆழம் 10 செ.மீ.க்கு இறங்கும் இடங்களில் வெளிப்படை உராய்வு வேகத்தின் குறியையே புரட்டிவிடும்.

எண்ணூரின் எண்களைப் போடும் முன் விடை தெரிந்த ஒரு கணக்கை ஓட்ட வேண்டும். 8 கி.மீ. நீளம், 2 மீ ஆழம், ஒரு முனை அடைப்பு, உராய்வு இல்லை, வாயில் 5 செ.மீ. வீச்சு. அடைத்த முனையில் வீச்சு வாயைப் போல 1.033 மடங்கு வர வேண்டும். வாயில் உச்ச வேகம் 0.029 மீ/வி. 1.033-க்குப் பதில் 1.00 வந்தால் எங்கோ எண்முறை உராய்வு (கணக்கு முறையே உண்டாக்கும் பொய்த் தடை) தின்கிறது. 1.1 வந்தால் எல்லை ஒரு வலைக்கண் தள்ளி இருக்கிறது, அல்லது ஊசல் தணியவில்லை.

ஊசலை விளக்க வேண்டும். இந்தக் கால்வாய் தானாக ஆடும் காலம் 2 மணி. வாயில் ஓதத்தைச் சட்டென்று தொடங்கினால் அந்த 2 மணி அலை கிளம்பும். உராய்வு இல்லாததால் ஓயவே ஓயாது. இதைப் பார்த்து "ஆழமின்மையால் பிறந்த மேல்கூறுகள்" என்று எழுதியவர்கள் உண்டு. முதல் இரண்டு சுழற்சிகளில் வீச்சைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். மூன்றாவது சுழற்சிக்கு முன் எந்த எண்ணையும் எடுக்காதீர்கள்.

உண்மையான மேல்கூறு (ஆழமில்லாத நீரில் எம்2-இலிருந்து பிறக்கும் குறுகிய அலை) எம்4, சுழற்சி 6.21 மணி. ஏற்றம் வலுவா வற்றம் வலுவா என்பதை இது சொல்லும். வீச்சை ஆழத்தால் வகுத்தால் நம் கழிக்கு 0.3. ஆய்வாளர்கள் ஃபிரீட்ரிக்ஸும் ஆப்ரேயும் 1988-இல் காட்டியபடி 0.3-க்கு மேல் போனால் ஏற்றம் குறுகியதாகவும் வேகமாகவும் இருக்கும்; மணலை உள்ளே தள்ளும். 0.2-க்குக் கீழே சேற்றுப் பரப்புகள் பெரிதாக இருந்தால் வற்றம் வலுக்கும். எண்ணூர் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. சேற்றுப் பரப்பையும் உப்பளத்தையும் நிரப்பி மேடாக்குவது வற்றத்தின் பக்கத்திலிருந்து எடைக்கல்லை எடுப்பது போன்றது: வாய் அடைவது விரைவாகும். கழியை நிரப்பும் எந்தத் திட்டத்துக்கும் இந்தச் சோதனையை ஓட்டாமல் "நீரோட்டத்தில் மாற்றமில்லை" என்று எழுதுவது தவறு.

இருபரிமாணம்

டெல்ஃப்ட்3டி, டெலிமேக் என்ற நீரோட்ட மென்பொருள்கள் இரண்டும் மூலநிரல் திறந்தவை. இந்த வேலைக்கு எதுவும் சரி. அமைப்பில் கவனிக்க வேண்டியவை சில.

வாயின் குறுக்கே குறைந்தது எட்டு வலைக்கண் இருக்க வேண்டும். 100 மீ வாய்க்கு 10 மீ வலை போதும். மணல் நெருக்கி 30 மீ ஆகிவிட்டால் 3.5 மீ வேண்டும். வலை பாதியானால் கணக்கு நேரம் எட்டு மடங்கு. அதனால் வாயில் மட்டும் நெருக்கி, உள்ளே 40 மீ, கடலில் 200 மீ என்று விரித்துக்கொண்டு போங்கள். பக்கத்துப் பக்கத்துக் கண்களின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாறக்கூடாது.

கடல் எல்லையை வாயிலிருந்து 3 முதல் 5 கி.மீ. தள்ளி வையுங்கள். இந்தச் சிறு தூரத்துக்குள் கரையோரம் ஓதத்தின் கட்டம் ஏறத்தாழ ஒன்றே. கடற்பக்கம் மட்டத்தைக் கொடுத்து, வடக்கு, தெற்குப் பக்கங்களில் மட்டச் சரிவைப் பூச்சியமாக்குவது நல்லது. மூன்று பக்கமும் மட்டத்தைக் கொடுத்தால் சில மி.மீ. முரண்பாடே மூலையில் பெரிய சுழலாக எழும். கழிக்கு வெளியே ஓடும் கரையோர நீரோட்டத்தை இந்த மாதிரி தராது. அது ஓதத்தால் வருவதல்ல. பருவக்காற்றாலும் வங்கக்கடலின் பெருஓட்டத்தாலும் வருவது, வசந்தத்தில் வடக்கே, அக்டோபர் முதல் தெற்கே.

உலர்–நனை எல்லை (ஆழம் இதற்குக் கீழே போனால் வலைக்கண் உலர்ந்ததாகக் கொள்ளும் அளவு) 5 செ.மீ. ஓட்டத்தை உயர்நீரில் தொடங்குங்கள். சராசரி மட்டத்தில் தொடங்கினால் சேற்றுப் பரப்பின் குழிகளில் கற்பனைக் குளங்கள் தங்கி, கொள்ளளவுக் கணக்கைக் கெடுக்கும். ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் வாய் வழியே போன மொத்த நீரையும் கழியின் கொள்ளளவு மாற்றத்தையும் ஒப்பிடுங்கள். ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் உலர்–நனை நிரல் நீரை உண்டாக்குகிறது அல்லது விழுங்குகிறது.

சுழல் பாகுநிலை (சிறு சுழல்கள் வேகத்தைக் கலந்து சமன்செய்யும் அளவு) 10 மீ வலைக்கு 0.5 முதல் 1 ச.மீ/வி. இதை 10-க்கு ஏற்றினால் மாதிரி அழகாக, அமைதியாக ஓடும். ஆனால் வற்றத்தில் வாயிலிருந்து கடலுக்குள் பீறிடும் தாரையும் அதன் இரு பக்கச் சுழல்களும் மறைந்துவிடும். அந்தத் தாரைதான் கழிநீரைத் தூரத் தள்ளுவது. அது இல்லாவிட்டால் வெளியே போன நீர் அப்படியே அடுத்த ஏற்றத்தில் திரும்பி வரும்.

அலையாத்திக் காட்டை மானிங் எண் 0.1-ஆகவும், மணலை 0.022 முதல் 0.028-ஆகவும் வைக்கலாம். ஒப்பீட்டில் மாற்ற வேண்டிய வரிசை: முதலில் ஆதார மட்டம், பிறகு வாய், பிறகு பரப்பு–மட்ட வளைகோடு, பிறகு நேரம். எல்லாம் முடிந்த பிறகுதான் உராய்வு. மணல் வாய்க்கு 0.04 வைத்தால்தான் பொருந்துகிறது என்றால், பொருந்தியது மாதிரியல்ல. வேறெங்கோ இருக்கும் பிழை. பெரும்பாலும் பாலத் தூண்களோ, குழாய் பதிக்கக் கொட்டிய மண்ணோ வலையில் இல்லாமல் போயிருக்கும்.

என்ன சொல்லும், எதைச் சொல்லாது

வாய் 150 ச.மீ. இருக்கும்போது கழியின் முதல் பகுதியில், 400 மீ அகலமும் 1.5 மீ ஆழமும் உள்ள வெட்டில், உச்ச வேகம் 0.23 மீ/வி. ஒரு ஏற்றத்தில் நீர்த்துளி நகரும் தூரம் 3.2 கி.மீ. வாய் 40 ச.மீ. ஆனால் 1.2 கி.மீ. உள்ளே 2 கி.மீ.இல் விழுந்த எண்ணெய் முதல் நிலையில் ஒரே வற்றத்தில் கடலைத் தொடலாம். இரண்டாவதில் இங்கும் அங்குமாக ஆடிக்கொண்டே கரையில் ஒட்டும். வெளியே போன நீரில் பாதி திரும்பி வருவதாக வைத்தால் கழிநீர் மாறும் காலம் 43 மணியிலிருந்து 115 மணியாகிறது. வாயருகே 1 மீ/விக்கு மேல் ஓடுவதைப் பார்த்து "நல்ல ஓட்டம் இருக்கிறது" என்று சொல்வது எவ்வளவு ஏமாற்றும் என்பதை இந்த இரண்டு எண்கள் காட்டுகின்றன. எண்ணெய்ப் படலத்துக்குக் காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதத்தையும் சேர்க்க வேண்டும். 7 மீ/வி கடற்காற்றில் அது 0.2 மீ/வி, திறந்த வாய்க் காலத்து ஓதத்துக்கு நிகரானது.

வெள்ளத்துக்கு இந்த மாதிரியைப் பயன்படுத்தக்கூடாது. கொசஸ்தலையாற்றில் 500 கன மீ/வி வருவதாக வைத்தால் 150 ச.மீ. வாயில் வேகம் 3.3 மீ/வி, அதைத் தள்ள 2 மீ மட்ட வேறுபாடு வேண்டும் என்று கணக்கு சொல்லும். உண்மையில் அதற்குள் மணல் அரித்து வாய் அகன்றிருக்கும். அடித்தளம் நகராத மாதிரி அந்த நாளில் கழியை மூழ்கடித்துக் காட்டும். மணல் நகர்வையும் சேர்த்து ஓட்ட வேண்டும், அல்லது வெள்ளத்துக்குப் பிறகு அளந்த வாயோடு புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு ஓட்டத்தின் கோப்புப் பெயரிலும் வாயை அளந்த தேதியும் பரப்பும் இருக்கட்டும். வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை, தூர் வாரிய மறுநாளும் அதிலிருந்து பதினைந்தாம் நாளும் வாயை அளக்க வேண்டும். அந்தப் பதினைந்து நாளில் பரப்பு கூடியதா குறைந்ததா என்பதே வளைகோட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிடும்.